பார்ப்பவர் கடன்

பறவை தன் கூட்டை மறைவிலே கட்டுகிறது. முட்டையையும் குஞ்சையும் காப்பதற்கு அது கற்றிருக்கும் முதல் உபாயம் பிறர் கண்ணிற் படாதிருத்தலே. இந்த மறைவைக் கடந்து உள்ளே பார்ப்பதற்காகப் பறவையியலார் பலர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கின்றனர். மரத்தின் மீது பரண் கட்டியும், இலைகுழையால் மூடிய சிறு கூடாரத்துள் மணிக்கணக்காக அசையாதிருந்தும் அவர்கள் கண்டு குறித்தவையே பின்னர் நூல்களாயின. இன்றோ, கூட்டுக்கு மேலேயுள்ள கிளையிற் பொருத்தப்பட்ட ஒரு கமரா அப்பணியை இரவு பகலாகச் செய்கிறது. முட்டையிடும் பருவத்துக்கு முன்பே, மரமேறத் தெரிந்தோர் அதனைப் பொருத்திவிடுகின்றனர். பல இடங்களிலே சூரிய ஒளியிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. இரவிலே, பறவையின் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க் கதிரின் உதவியால் அது பார்க்கிறது. அது காணும் காட்சி உடனேயே இணையத்தில் ஏறி, உலகின் எந்த மூலையிலும் கைத்தொலைபேசி வைத்திருப்பவன் முன் வந்து நிற்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெக்கோரா என்னும் சிறு நகருக்கு அருகே வெண்டலைக் கழுகுச் சோடி ஒன்றின் கூடு 2011ஆம் ஆண்டில் இவ்வாறு காட்டப்பட்டபோது, பார்வையிட்ட தடவைகள் கோடிக்கணக்கை எட்டின. அடுத்த ஆண்டிற் கோர்ணெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வுகூடம், அப்பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தின் விளக்குக் கம்பத்திற் கூடு கட்டிய செவ்வாற் பருந்துகளைக் காட்டத் தொடங்கியது. அதன் பின்னர் எத்தனையோ கூடுகள் உலகத்தார் பார்வைக்குத் திறந்துவிட்டன.

நாமும் பார்த்து வருகின்றோம். எமது கண் பெரிதும் தங்கியிருப்பது, கலிபோர்ணியா மாநிலத்துச் சான் பேர்னாடினோ மலைகளிலே, பிக் பெயார் ஏரிக்கு அண்மையில், பைன் மரமொன்றின் உச்சியில் உள்ள ஒரு கூட்டின் மீதாகும். நிலத்திலிருந்து அதன் உயரம் ஏறக்குறைய 145 அடி. அவ்வூர் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று 2015ஆம் ஆண்டு முதல் அதனைக் காட்டி வருகிறது. அங்கே குடியிருக்கும் வெண்டலைக் கழுகுகளுக்கு ஜாக்கி, ஷாடோ என்பன வழங்கு பெயர்கள். கோடைகால நேரக் கணக்கின்படி அவ்விடத்துக்கும் இலங்கைக்கும் பன்னிரண்டரை மணித்தியால வேறுபாடு. இரவு ஏழரை மணிக்கு மாணவர் கொப்பிகளைத் திருத்துவதற்கு நாம் அமர்கையில், அங்கே காலை ஏழு மணி. குஞ்சுகள் உணவுக்கு வாய் திறக்கும் நேரம். “உங்கட கழுகு இண்டைக்குச் சாப்பிட்டுதோ?” என்று வீட்டிலே விசாரிக்கும் அளவுக்கு அந்தக் கூடு எமது குடும்பத்தோடு ஒன்றிவிட்டது.

தொடர்ந்து பார்ப்பவனுக்குக் கழுகைப் பற்றிய பழைய எண்ணங்கள் சில கழன்று விழுகின்றன. கழுகு என்றாற் கொடுமையும் கொள்ளையும் என்றே எமது பேச்சு வழக்கு எம்மைப் பழக்கியிருக்கிறது. கூட்டிலே காணும் கழுகு வேறொன்று. பெரிய மீனை ஒரே இழுப்பிற் கிழிக்கும் அதன் அலகு, நகத்தளவான இறைச்சித் துண்டொன்றைப் பற்றி, தலையை நிமிர்த்தவும் வலுவற்ற குஞ்சின் வாயருகே அசையாது பிடித்திருக்கிறது. குஞ்சு தவறவிட்டால் மீண்டும் எடுக்கிறது, மீண்டும் பிடிக்கிறது. கூட்டினுள்ளே நடக்கும்போது, கூரிய நகங்கள் குஞ்சின் உடலிற் படாதவாறு விரல்களைப் பொத்திய கைபோல உள்ளே மடக்கி, தடுமாறித் தடுமாறி நடக்கிறது. ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கின்றன. தன் முறை வந்ததும் ஆண் கழுகு அருகே வந்து நின்று, பெண்ணை அலகால் மெல்லத் தள்ளுவதையும், அது எழ மனமின்றி அப்படியே இருப்பதையும் பார்த்துச் சிரித்திருக்கின்றோம்.

சிரிப்பு மட்டுமன்று. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்மலையிற் பனிப்புயல் வீசியபோது, ஜாக்கி ஏறக்குறைய 62 மணித்தியாலம் முட்டைகளை விட்டு எழவில்லை. அதன் முதுகையும் சிறகையும் பனி மூடியது. எனினும் அவ்வாண்டு இட்ட மூன்று முட்டைகளில் ஒன்றேனும் பொரிக்கவில்லை. பொரிக்க வேண்டிய காலம் கடந்த பின்னரும் நெடுநாள் அவ்விரு பறவைகளும் அவற்றைக் கைவிடாது அடைகாத்தன. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் மூன்று முட்டைகளும் பொரித்தன. உலகெங்கும் பார்த்திருந்தோர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி பத்து நாளும் நிலைக்கவில்லை. மார்ச் 13ஆந் திகதி மீண்டும் பனிப்புயல். தாயும் தந்தையும் குஞ்சுகளைச் சிறகால் மூடியிருந்தன. மறுநாள் விடிந்தபோது இரண்டு தலைகளே தெரிந்தன. அவ்விரண்டு குஞ்சுகளும் வளர்ந்து ஜூன் மாதத்திற் பறந்துவிட்டன என்பது பிந்திய செய்தி. மூன்றாவது குஞ்சு பனியிலே மடிந்தது.

அவ்வாரத்திற் பத்தாம் வகுப்புக்கு மரபுச் சொற்கள் கற்பிக்க நேர்ந்தது. தொல்காப்பியர் மரபியலிலே இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டு பெயர்களை உரியனவாக்குகிறார். மக்களின் இளமைக்கு அவர் வகுத்தவை குழவியும் மகவுமே. இன்று நாம் வகுப்பறையிலே மாணவரை அழைக்கும் ‘பிள்ளை’ என்ற சொல், அன்று பறவைக் குஞ்சின் பெயராய் இருந்தது. கிளிப்பிள்ளை என்னும் வழக்கு அதன் எச்சம். இதனை விளக்கும்பொருட்டுக் கைத்தொலைபேசியில் அந்தக் கூட்டைக் காட்டி, மூன்றாவது குஞ்சின் கதையையும் சொன்னோம். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், அந்தப் பிள்ளையைச் சாக விட்டவையே? உவ்வளவு உயரத்திலை கமரா பூட்டத் தெரிஞ்ச ஆக்களுக்கு, ஏறி எடுக்கத் தெரியாதே?”

தெரியும் என்றோம்; ஆயினும் ஏறமாட்டார்கள் என்பதற்குக் காரணங்களையும் கூறினோம். புயலிலே மரமேறுபவன் தன் உயிரையும் இழக்கலாம். மனிதன் நெருங்கினாற் பறவைகள் வெருண்டு எழும். அவை எழுந்தால், எஞ்சிய குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடும். மனிதன் கைபட்டு வளரும் குஞ்சு காட்டிலே பிழைக்கும் திறனை இழக்கலாம். இது காட்டுயிரின் கூடு. இங்கே எதுவும் நிகழலாம். நாம் பார்ப்பவர்கள் மாத்திரமே. இதனைக் கூடு காட்டும் நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்தும் விடுகின்றன.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பின்னர், “அப்ப பாத்துக்கொண்டு மட்டும் இருந்தவை” என்றாள். இருக்கையில் அமர்ந்தபடியே, “எங்கட அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுறவ, சேர். முள்ளிவாய்க்காலிலையும் எல்லாரும் மேலாலை பாத்துக்கொண்டுதான் இருந்தவையாம்” என்றாள்.

அந்தப் பிள்ளை 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்தவள். ஆனால் அவள் சொன்னது பொய்யன்று. அவ்வாண்டின் முற்பகுதியில், வன்னிக் கடற்கரையின் ஒடுங்கிய நிலத்துண்டிலே இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அகப்பட்டிருந்தபோது, வானிலிருந்து செய்மதிகள் எடுத்த படங்கள் இருந்தன. நெருங்கிக் கிடந்த கூடாரங்களையும், பின்னர் அவை இல்லாதொழிந்த வெறுநிலத்தையும் அப்படங்கள் காட்டின. வகுப்பு அமைதியாயிற்று. பாடவேளை முடிந்த மணி எமக்கு உதவியாக வந்தது எனலாம்.

ஒரு குஞ்சின் சாவையும் ஒரு மக்கட் கூட்டத்தின் சாவையும் அச்சிறுமி ஒரே மூச்சில் இணைத்துவிட்டாள். அவ்விணைப்புப் பொருந்துமா? பொருந்தாது எனின், எவ்விடத்திற் பொருந்தாது? இதனை ஆராயாது விடின், கூட்டை நாம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்காகவே முடியும்.

முதலில் குஞ்சின் பக்கத்தை நோக்குவோம். ‘தலையிடாது பார்’ என்னும் விதி பார்ப்போரின் நெஞ்சை எவ்வளவு வருத்துகிறது என்பதற்குச் சான்றுகள் உள. 2014ஆம் ஆண்டில் மினசோட்டா மாநில அரசின் வனவிலங்குப் பிரிவு காட்டிய கழுகுக் கூட்டில் ஒரு குஞ்சு நலிவுற்றுக் கிடந்தது. தலையிடுவதில்லை என்றே அதிகாரிகள் முதலிற் கூறினர். பார்த்திருந்த மக்கள் ஆளுநர் வரை முறையிட்டனர். இறுதியில் ஆட்கள் ஏறி அக்குஞ்சை இறக்கினர். குணப்படுத்த முடியாத முறிவும் தொற்றும் இருக்கக்கண்டு, வலியின்றி இறக்கும்படி மருந்தேற்றினர். மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கடற்கரையில் இன்னொரு கூடு. அங்கே தாயாகிய விராலடிப்பான் பறவையே தன் குஞ்சுகளைக் கொத்தித் துன்புறுத்தியது. குஞ்சுகளைக் காப்பாற்றுங்கள் என்று எழுதியவர்களிற் சிலர், கூட்டைக் காட்டிய ஆய்வு நிலையத்தையே வைது தீர்த்தனர். பின்னர் அந்தக் கமரா நிறுத்தப்பட்டது. பார்வை நின்றதனாற் கூட்டின் துன்பம் நின்றிருக்குமென யாரும் கூறார்.

மினசோட்டாவின் இன்னொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கடும் பனியின் பாரம் தாளாது, கமராவின் கண்முன்னே ஒரு கழுகுக் கூடு முழுவதும் மரத்திலிருந்து சரிந்து வீழ்ந்தது. உள்ளேயிருந்த குஞ்சு மடிந்தது. இருபது ஆண்டுக்கு மேலாகச் சுள்ளி சுள்ளியாகச் சேர்த்த அக்கூட்டின் நிறை ஏறக்குறைய ஒரு தொன். பெற்ற பறவைகள் அவ்விடத்தைச் சுற்றிச்சுற்றிப் பறந்தன. இங்கே நாம் யாரைக் குற்றஞ் சொல்வது? பனிக்கு மனச்சாட்சி இல்லை; மரக்கிளைக்குக் கடமை இல்லை. இத்தகைய சாவின் முன்னே கைகட்டி நிற்பதில் இழிவொன்றும் இல்லை. பிற உயிரின் வாழ்வு எமது விருப்பப்படி நடப்பதற்கு உரியதன்று என்ற அடக்கமே அது.

இவ்விடத்திலேதான் ஒரு பொல்லாத வாதம் உள்ளே நுழைகிறது. எமது ஆசிரியர் ஓய்வறையில் இக்கதை பேசப்பட்டபோது, நண்பர் ஒருவர், “உலகமே உப்பிடித்தான், மாஸ்டர். வலியது வாழும்; மெலியது சாகும். கழுகுக்கு ஒரு சட்டம், மனிசனுக்கு ஒரு சட்டமே?” என்றார். அவர் நல்லவர், நன்றாகக் கற்பிப்பவர். ஆனால் இந்த வாதத்தைப் புதிதாகக் கண்டவர் அவரல்லர். தகுதியுடையது எஞ்சும் என்னும் சொற்றொடரை 1864ஆம் ஆண்டில் ஆக்கியவர் ஹேர்பேட் ஸ்பென்சர். டார்வின் உயிரினங்களிலே கண்டறிந்த உண்மையை, ஆலைமுதலாளியும் குடியேற்ற நாட்டு அதிகாரியும் தமக்குச் சாதகமான நீதிமொழியாக்கிக்கொண்டனர். கூலி குறைந்தவன் மெலிவது இயற்கை. பஞ்சத்திற் சாவது இயற்கை. தலையிடுதல் நியதிக்கு மாறு என்றனர்.

கூட்டையே கூர்ந்து பார்த்தால் இவ்வாதம் நில்லாது. கழுகுக் கூட்டில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்துவது உண்மை. ஆனால் அக்கொத்து எல்லாக் காலத்திலும் ஒரே அளவினதன்று. வெண்டலைக் கழுகின் கூட்டிலே இரை குறையும்போது சண்டை வலுக்கிறது; மீன் நிறைய வரும்போது மூன்று குஞ்சுகளும் வயிறு புடைத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்குகின்றன. ஆகவே அங்கே கொலையாளி, மூத்த குஞ்சின் தீக்குணமன்று, பற்றாக்குறையே. பறவை அப்பற்றாக்குறையைத் தீர்க்க வழியற்றது. மனிதனோ நெல்லை விளைவிக்கவும், அதனைப் பகிரவும், பகிர்வைச் சட்டமாக்கவும் வல்லவன். அவ்வாற்றல் உள்ளவன் கழுகின் சட்டத்தைத் தனக்குச் சாட்சியாக அழைப்பது நேர்மையன்று.

இனிக் கூட்டின் மறுபக்கத்தைக் காண்போம். அங்கே நிகழும் சாவெல்லாம் பனியாலும் பசியாலும் வருவனவல்ல.

மொன்ரானா மாநிலத்தில் மிசூலா நகருக்கு அண்மையில், கிளார்க் போர்க் ஆற்றின் ஓரமாக விராலடிப்பான்கள் கூடு கட்டுகின்றன. வைக்கோற் கட்டுகளைக் கட்டும் பிளாஸ்ரிக் கயிறு அங்கே வயல்களிற் சிதறிக் கிடக்கிறது. கூட்டினுள் மெத்தென்று பரப்புவதற்கு நல்ல நார் என்று நினைத்துப் பறவை அதனைப் பொறுக்கிச் செல்கிறது. அக்கயிறு குஞ்சின் காலிலும் சிறகிலும் சுற்றுகிறது. குஞ்சு வளர, முடிச்சு இறுகுகிறது. பறக்க வேண்டிய நாளில் அது கூட்டின் விளிம்பிலே தொங்கிச் சாகிறது. மொன்ரானாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனைக் கண்டபோது, ‘இயற்கையிலே தலையிடோம்’ என்று சொல்லவில்லை. ஏணி வைத்த வாகனத்திலே ஏறிச் சிக்கிய குஞ்சுகளை அறுத்து விடுவித்தனர். கயிற்றை வயலில் விடாது சேர்த்து ஒப்படைக்குமாறு கமக்காரரிடம் வேண்டினர். அதே ஆய்வாளர் அக்குஞ்சுகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, அதிலே பாதரசம் இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில், பொன்னும் வெள்ளியும் எடுத்துக் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களிலிருந்து வந்த பாதரசம் அது. பொன் எடுத்தவர்கள் இலாபத்தோடு போய் ஒரு நூற்றாண்டாகின்றது. நஞ்சு மீனுக்குள்ளும், மீனிலிருந்து குஞ்சுக்குள்ளும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கழுகின் கதை இதனிலும் பெரிது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க மாநிலங்கள் நாற்பத்தெட்டிலும் 1963ஆம் ஆண்டில் எண்ணப்பட்ட வெண்டலைக் கழுகுச் சோடிகள் 417 மாத்திரமே. வேட்டையும் காடழிப்பும் முன்னரே அவ்வினத்தைக் குறைத்திருந்தன. அதன்மேல் இறங்கியது டி.டி.ரி. வயலிலும் காட்டிலும் தூவிய அம்மருந்து நீரிற் கலந்து, மீனின் கொழுப்பிற் சேர்ந்து, கழுகின் உடலை அடைந்தது. அங்கே முட்டையோட்டில் கல்சியம் படியவிடாது அது தடுத்தது. ஓடு மெலிந்த முட்டையின் மீது தாய் அன்போடு அமர்ந்தது. அந்தப் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. அடைகாத்தலையே கொலையாக மாற்றிய நஞ்சு அது. ரேச்சல் கார்சன் 1962ஆம் ஆண்டில் எழுதிய ‘மௌன வசந்தம்’ மக்களை விழிப்பித்தது. இங்கிலாந்திலே டெறிக் றட்கிளிவ் என்பவர் பழைய முட்டைச் சேகரங்களோடு ஒப்பிட்டு, வல்லூறு முதலியவற்றின் முட்டையோடு மெலிந்ததை 1967ஆம் ஆண்டில் நிறுவினார். 1972ஆம் ஆண்டில் அமெரிக்கா டி.டி.ரி.யைத் தடைசெய்தது. பின்னர் வந்த கணக்கெடுப்பொன்று, அதே நாற்பத்தெட்டு மாநிலங்களிலும் குடியிருப்புள்ள கழுகுக் கூடுகள் 71,000இற்கு மேல் என 2021ஆம் ஆண்டில் அறிவித்தது.

கலிபோர்ணியாக் கடலிலுள்ள தீவுகளில் நடந்ததை வகுப்பிலே அச்சிறுமிக்குச் சொல்லியிருக்கலாம், மணி அடித்துவிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இயங்கிய டி.டி.ரி. தொழிற்சாலையொன்றின் கழிவு பல ஆண்டுகளாகக் கடலிற் சென்று படிந்தது. அத்தீவுகளிலிருந்து கழுகினம் அற்றுப்போயிற்று. 1980ஆம் ஆண்டு முதல் சாந்தா கற்றலினாத் தீவிலே கழுகுகள் மீண்டும் விடப்பட்டன. அவை இட்ட முட்டைகளும் உடைந்தன. அப்பொழுது ஆய்வாளர் என்ன செய்தனர்? செங்குத்தான பாறைகளில் ஏறி, மெலிந்த முட்டைகளை எடுத்து, கூட்டிலே போலி முட்டைகளை வைத்தனர். எடுத்தவற்றை ஆய்வுகூடத்திலே பொரிக்கச் செய்து, குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் விட்டனர். ஆண்டுதோறும் இப்பணி நடந்தது. 2006ஆம் ஆண்டில் அயற்தீவாகிய சாந்தா குறூசிலே, அரை நூற்றாண்டுக்குப் பின்னர், மனிதர் கைபடாமல் ஒரு கழுகுக்குஞ்சு பொரித்தது. அக்கூட்டையும் மக்கள் கமரா வழியே பார்த்தனர்.

இப்போது வேறுபாடு தெளிவாகின்றது. பனியிலே மடிந்த குஞ்சுக்காக ஏறாதவர்களும், மெலிந்த முட்டைக்காகப் பாறையில் ஏறியவர்களும் ஒரே அறிவுத்துறையினரே. முன்னையதிற் குற்றவாளி இல்லை, பின்னையதில் உண்டு. மனிதன் விளைத்த கேட்டை மனிதனே தீர்க்கவேண்டும் என்பது அவர்கள் நடைமுறையிற் கண்ட நியாயம்.

டி.டி.ரி. என்ற பெயரை எமது நாட்டார் வேறுவிதமாக அறிவர். மருந்தடிக்கிறவர்கள் வீட்டுக்கு வந்த நாட்களை எமது அம்மம்மா நன்றியோடுதான் நினைவுகூர்வார். 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாவுக்கு ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் பலியாயினர். வரட்சி வந்தது, நுளம்பு பெருகியது, இயற்கையின் சீற்றம் என்றனர் சிலர். வயிற்றிலே சோறில்லாதவனைத்தான் அக்காய்ச்சல் எளிதிற் கொன்றது என்பதைக் கண்ட இடதுசாரி இளைஞர்கள், மருந்தோடு பருப்பையும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். பின்னாளில் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேராகக் குறைந்தனர். முயற்சி தளர்ந்ததும் சில ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கில் மீண்டது. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016ஆம் ஆண்டிலேதான். கழுகின் முட்டையை நொறுக்கிய அதே பொருள் எம்மவர் குழந்தைகளைக் காத்தது. எவர் கையில், எவ்விடத்தில், எவ்வளவில், எவர் நன்மைக்காக என்று கேளாமல் ஒரு பொருளைத் தெய்வமென்றோ பேயென்றோ கூறுவது அறிவுடைமையாகாது.

பறவைக் குஞ்சுக்காக உருகுவோரைக் கண்டு, ‘மனிதக் குழந்தை பசித்திருக்க இது என்ன ஆடம்பரம்’ எனக் கேட்போரும் உளர். அக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. மயிலுக்குப் போர்வை ஈந்தவன் பேகன் எனப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அம்மயில் போர்வையை உடுக்கவும் மாட்டாது, போர்க்கவும் மாட்டாது. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து பிரிந்திருந்தான் என்பதையும் புறநானூறு சொல்கிறது. கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் சென்று, எமக்குப் பரிசில் வேண்டா, அவள் துயரைத் தீர்ப்பாயாக என்று இரந்தனர். மயிலின்மீது இரங்கியது பிழையென்று அப்புலவர்கள் சொல்லவில்லை. அவ்வருள் வீடுவரை வரவேண்டும் என்றே கேட்டனர். இன்று கூடு காட்டும் கமராவின் முன்னே இருந்து கண்ணீர் விடும் ஆயிரமாயிரம் பேருக்கும் சொல்லவேண்டியது அதுவே. அமெரிக்காவின் 38 மாநிலங்களிலிருந்து பெற்ற 1,210 கழுகுகளை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவற்றில் ஏறக்குறைய அரைவாசி நெடுநாள் ஈயநஞ்சுக்கு உட்பட்டிருந்தமையைக் காட்டியது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் விலங்கெச்சத்தில் தங்கிய துப்பாக்கி ரவையே அந்நஞ்சின் முக்கிய ஊற்று. ஒரு குஞ்சின் சாவுக்கு அழுத கண்கள், அந்த ரவையை மாற்றும் சட்டத்துக்காகவும் விழித்திருக்கின்றனவா? அழுகையிலும் இது கடினம். அழுவதற்குப் பகைவர் தேவையில்லை. சட்டத்துக்காக நிற்பவனுக்குப் பகைவர் உண்டாவர்.

எமது மாணவி இணைத்தவற்றுக்கு இனி விடை கூறலாம். பனியிலே மடிந்த குஞ்சைப் பார்த்திருந்தவர்களைக் குற்றஞ் சாட்ட நியாயமில்லை. மக்கள் மீது குண்டு வீழ்வது பனி வீழ்வதைப் போன்றதன்று. அதற்கு ஆணையிட்டோர் உண்டு. ஆயுதம் விற்றோர் உண்டு. தடுக்கும் ஆற்றலிருந்தும் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதியோர் உண்டு. அங்கே ‘தலையிடாது பார்’ என்பது அடக்கமாகாது, உடந்தையாகும். பசிக்கும், வேலையின்மைக்கும், மருந்தில்லா மருத்துவமனைக்கும் இதுவே பொருந்தும். இவற்றை இயற்கையின் வரிசையிலே சேர்த்துப் பேசுபவன் யாராயினும், அவன் யாரோ ஒருவரை மறைக்கிறான் என்றே நாம் கொள்ளவேண்டும்.

வாசகர்கள் வாய்ப்புள்ளபோது ஒரு கூட்டைப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கும் காட்டட்டும். பொத்திய விரல்களோடு நடக்கும் அக்கழுகிடம் கற்பதற்கு நிறைய உண்டு. அதனோடு ஒரு வழக்கத்தையும் பழக்கிக்கொள்ளல் நன்று. கூட்டில் ஓர் உயிர் மடியும்போது, ‘ஐயோ’ என்பதோடு நில்லாது, ‘இதனைச் செய்தது எது?’ என்று கேட்கவேண்டும். பனியா, கயிறா என்று பிரித்தறிய வேண்டும். பனி எனின், தலை வணங்குவோம். கயிறு எனின், அக்கயிற்றைச் செய்தவனையும் விற்றவனையும் வீசியவனையும் தேடிச் செல்வதே பார்த்தவர் கடனாகும்.